வாரம் 6 மணி நேரம் மட்டுமே ஆடுபவரின் கேள்வி

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31. ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கும் என் கொழுந்தனார் பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, பலர் சேர்ந்து ஆடும் ஓர் ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தினார். அதிலுள்ள மலைகளும், ஆற்றங்கரையில் மீன் பிடிப்பதும், ஊர் ஊராகச் சுற்றிக் கதை கேட்பதும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டன. ஞாயிறு தவிர மற்ற ஆறு நாளும் மகள் தூங்கிய பிறகு 45 நிமிடமும், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரமும் ஆடுகிறேன். ஆனால் இப்போதெல்லாம் ஆடி முடித்ததும் எரிச்சலே மிஞ்சுகிறது. ஹீலராக, அதாவது உடன் ஆடுபவர்களின் காயத்தை ஆற்றுபவராக, டன்ஜன் என்ற எதிரிகளின் குகைக்குள் போனபோது, நான் கதைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதற்காகப் பாதியில் ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். இன்னொரு முறை, "ஹீலர் தூங்குகிறாரா" என்று கேட்டார்கள். மாம்பழ சீசனில் இரண்டு மாதம் வர முடியாமல் போனதால் கொழுந்தனாரின் கில்டு என்ற ஆட்டக் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நூற்றுக்கு ஒரு முறை கிடைக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு மந்திரக்கோலுக்காக 70 முறை முயன்றும் கிடைக்கவில்லை. "அண்ணி, இன்னும் அந்த லெவலிலேயா இருக்கிறீர்கள்?" என்று கொழுந்தனார் அன்பாகத்தான் கேட்கிறார், ஆனாலும் வலிக்கிறது. மாமியார் இதை ஒரு போதை என்கிறார். எனக்கு அந்த அளவுக்குத் திறமை இல்லையோ? விட்டுவிடலாமா, அல்லது என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில், "எனக்குத் திறமை இல்லையோ" என்ற கேள்வியை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் குறைந்திருப்பது நேரம்தான். பெங்களூரில் பல ஆண்டுகளும் இப்போது ஓசூரிலுமாக, இத்தகைய விளையாட்டுகளில் எந்த லெவலுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்க வேண்டும், எந்தப் பொருள் எத்தனை முறைக்கு ஒரு முறை விழ வேண்டும் என்ற உள்கணக்கைப் போடுவதே என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இவ்வகை விளையாட்டில் ஒருவருடைய லெவல் என்பது, பெரும்பாலும் அவர் அங்கே செலவழித்த மணி நேரத்துக்குக் கிடைத்த ரசீது. ஆட்டக்காரர்களை நெடுநாள் ஆராய்ந்த நிக் யீ என்பவர் 2000-களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்புகளில், ஒருவர் சராசரியாக வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கும் மேல் ஆடுவதாகத் தெரியவந்தது. உங்கள் கையில் இருப்பது, நீங்களே கொடுத்திருக்கும் கணக்கின்படி, சரியாக 6 மணி நேரம். மூன்று மடங்குக்கும் மேல் நேரம் வைத்திருப்பவரை மனத்தில் வைத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தோள் பொருந்தவில்லையே என்று உங்கள் உடம்பை நீங்கள் நொந்துகொள்கிறீர்கள்.

முதலில் அந்த 45 நிமிடத்தைப் பார்ப்போம். தினமும் நான்கு டெய்லி குவெஸ்ட்டுகளை முடிக்க 35 நிமிடம் போய்விடுகிறது, மீதி 10 நிமிடத்தில் உருப்படியாக ஒன்றும் செய்ய முடிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எரிச்சலின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். மலையையும் ஆற்றையும் பார்க்கப் போனவர், போனதும் நான்கு கூலி வேலைகளை முடித்துக்கொடுத்துவிட்டுக் களைத்துப்போய் வெளியே வருகிறார். நானே ஒரு நிறுவனத்தில் ஏழு நாள் தொடர்ந்து வந்தால் ஏழாம் நாள் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து என்ற சங்கிலியை வகுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காக அது கேட்கப்படவில்லை. ஆட்டக்காரர் மறுநாளும் வந்தாரா என்ற எண்ணிக்கை உயர வேண்டும் என்பதற்காகக் கேட்கப்பட்டது. அதைச் செய்தது சரியில்லை என்று இப்போது நான் உறுதியாகக் கருதுகிறேன், அதனால்தான் உங்களிடம் இதை ஒளிக்காமல் சொல்கிறேன். டெய்லி குவெஸ்ட்டை விட்டுவிட்டால் உங்களுக்கு நஷ்டம் என்று திரையில் தோன்றுவதெல்லாம், நாளை வராமல் இருந்துவிடுவீர்களோ என்ற கவலையில் எழுதப்பட்டவை.

இதற்கு நேர்மாறான ஒரு வசதியும் பல விளையாட்டுகளில் இருக்கிறது, அது உங்களுக்காகவே செய்தது போன்றது. 2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டு சோதனை நிலையில் இருந்தபோது, நீண்ட நேரம் ஆடிக் களைத்தவருக்கு அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும் என்று ஒரு விதி வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் அதைக் கடுமையாக வெறுத்தார்கள். வடிவமைத்தவர்கள் கணக்கை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு சொல்லும் முறையை மட்டும் மாற்றினார்கள். குறைந்த அளவுக்குச் சாதாரணம் என்று பெயர் வைத்து, ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்கு இரண்டு மடங்கு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு அடங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஓய்வுப் புள்ளி முறையைப் பல விளையாட்டுகள் எடுத்துக்கொண்டன. உங்கள் விளையாட்டிலும் அது இருந்தால், வெளியேறும்போது காட்டுக்குள் நின்றபடி வெளியேறாமல் சத்திரத்திலோ நகரத்திலோ சென்று வெளியேறுங்கள். இரண்டு நாள் ஆடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வருபவருக்கு அதே 45 நிமிடத்தில் கூடுதலான பலன் கிடைக்கும். குறைவாக ஆடுபவருக்குச் சாதகமான விதிகளில் இதைப் போல வெளிப்படையானது வேறொன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்து, டன்ஜனிலிருந்து உங்களை வெளியேற்றிய இரவு. அதை நீங்கள் எழுதியிருக்கும் விதம் என்னை மிகவும் பாதித்தது. கதையில் கிழவர் ஒருவர் தன் மகனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார், நீங்கள் கீழே ஓடும் வரிகளைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், திடீரென்று திரை கறுத்து நகரத்து வாசலில் நிற்கிறீர்கள், அந்த மகனுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. உடன் வந்த மூவருக்கும் அந்தக் கிழவர் ஒரு தடைக்கல். அவர்கள் அந்த டன்ஜனுக்குள் ஐம்பதாவது முறையாகவோ நூறாவது முறையாகவோ வந்திருப்பார்கள், ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்பது மட்டுமே அவர்களுடைய கணக்கு. இரண்டு வெவ்வேறு நோக்கங்களோடு வந்தவர்களைக் கருவி ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரே வண்டியில் ஏற்றியது. தவறு அங்கே தொடங்குகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் ஆட்கள் வேண்டும் என்றால் தன் சர்வரிலேயே அரட்டைப் பகுதியில் கேட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டும், அதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆனால் அங்கே மோசமாக நடந்துகொண்டவருடைய பெயர் ஊருக்குள் பரவிவிடும், மறுநாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். 2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கொண்டுவந்த டன்ஜன் ஃபைண்டர் என்ற கருவி, பல சர்வர்களில் இருப்பவர்களைத் தானாகவே பார்ட்டி என்ற சிறு குழுவாகச் சேர்த்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும் என்பதால் உங்களைப் போல நேரம் குறைந்தவர்களுக்கு அது பெரிய வரம். கூடவே, இனி ஒருபோதும் சந்திக்கப்போகாத ஐந்து பேரை அது ஒன்றாக அடைத்தது. நாளை முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தவர்களிடம் பொறுமை குறைகிறது. உங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அப்படி நடந்திருக்க மாட்டார்கள்.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்த முதல் நொடியிலேயே "இந்த டன்ஜன் எனக்கு முதல் முறை, காட்சிகளைப் பார்த்துக்கொண்டு வருவேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை முன்கூட்டியே எழுதிவைத்து ஒரே பொத்தானில் அனுப்பலாம். ஒப்பாதவர் அப்போதே விலகிவிடுவார், அதனால் உங்களுக்கு இரண்டு நிமிட இழப்பு மட்டுமே. ஃபைனல் ஃபேன்டஸி 14 போன்ற விளையாட்டில் முதல் முறை வருபவர் ஒருவர் பார்ட்டியில் இருந்தால் முடிவில் மற்றவர்களுக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும் என்பதால், புதியவரைப் பார்த்து அங்கே மகிழ்கிறார்கள். அதிலேயே முதன்மைக் கதையின் டன்ஜன்களுக்குள் மனிதர்களுக்குப் பதிலாகக் கணினியே இயக்கும் துணைவர்களை அழைத்துச் செல்லவும் முடியும். அவர்கள் உங்களைவிட்டு ஓட மாட்டார்கள், கிழவர் எவ்வளவு நேரம் பேசினாலும் காத்திருப்பார்கள். ஒரு பரிசு விதியை மாற்றினால் மனிதர்களின் குணமே மாறுவதைப் பார்க்கிறோம். அன்றைக்கு நடந்தது உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கில்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கொழுந்தனாரின் கில்டுத் தலைவர் பக்கமும் நின்று பேச வேண்டியிருக்கிறது. அது ரெய்டுக்காகவே, அதாவது பலர் கூடிப் பெரிய எதிரிகளை வீழ்த்துவதற்காகவே, நடத்தப்படும் கில்டு என்று தெரிகிறது. வாரம் மூன்று இரவு, இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் 12 மணி நேரம், உங்களிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்த புதிதில் பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வேண்டும், 2007-இல் அதை 25 பேராகவும் 10 பேராகவும் குறைத்தார்கள். அப்போதும் ஒரு ஹீலர் வரவில்லை என்றால் மீதிப் பேரெல்லாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் அத்தகைய கில்டுகளில் பள்ளிக்கூடத்தைப் போல வருகைப் பதிவேடு இருக்கிறது. மே தொடங்கி ஜூலை வரைக்கும் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் எடைமேடையில் இரவெல்லாம் வரிசை கட்டும்போது உங்களால் அங்கே போயிருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நானும் இந்தப் பக்கத்துக்காரன். அது தலைவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை எடுத்தது மரியாதையாகாது, அந்த இடத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது.

நான் பிறந்த காரிமங்கலம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் 18 நாள் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். பாயும் போர்வையுமாக வந்து 18 இரவும் கண்விழித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளுக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. என் அத்தை ஒருவர் மாட்டைக் கறந்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அவரை யாரும் ‘நேற்று ஏன் வரவில்லை’ என்று கேட்டதில்லை. கூத்து கட்டுகிறவர்கள் மட்டும் 18 நாளும் இருந்தாக வேண்டும், துச்சாதனன் வேடக்காரர் ஒரு நாள் வரவில்லை என்றால் கூத்து நின்றுவிடும். ரெய்டு கில்டு என்பது கூத்து கட்டுகிறவர்களின் ஜமா. நீங்கள் பார்க்க வந்தவர். உங்களுக்கு வேண்டியது, வருகைப் பதிவேடு இல்லாத, பேச்சுத்துணைக்காக நடக்கும் சோஷியல் கில்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் அத்தகையவை நிறைய இருக்கின்றன. சேரும்போதே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: வாரம் இத்தனை மணி நேரம்தான் வர முடியும், குழந்தை தூங்குவதால் மைக்கில் பேச முடியாது, மாம்பழ சீசனில் வர இயலாது. இதைக் கேட்டுவிட்டும் வாருங்கள் என்று சொல்பவர்களிடம் போங்கள்.

கொழுந்தனாரோடு சேர்ந்து ஆடத்தான் ஆசை, ஆனால் லெவல் வித்தியாசத்தால் முடியவில்லை என்கிறீர்கள். இந்தச் சிக்கலைப் பல விளையாட்டுகள் தீர்த்துவிட்டன. 2004-இல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ், கீழே இருப்பவரைத் தற்காலிகமாக மேலே தூக்கித் துணையாகச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. 2012-இல் வந்த கில்டு வார்ஸ் 2, மேலே இருப்பவர் எளிய பகுதிக்குள் வரும்போது அவருடைய பலத்தை அந்தப் பகுதிக்கு ஏற்றவாறு இறக்கிவிடுகிறது. இப்போது நீங்கள் ஆடும் விளையாட்டில் இது இல்லை என்றால், கொழுந்தனாரைப் புதிதாக இன்னொரு கதாபாத்திரம் தொடங்கச் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் மட்டும், நீங்கள் இருக்கும்போது மட்டும் ஆடுவதற்கு. அண்ணி கேட்டால் அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு மாதம் பின்தங்கிவிட்டேன் என்ற கவலையும் வேண்டாம். ஆயுதமும் கவசமும் படிப்படியாக உயரும் விளையாட்டுகளில் அடுத்த பெரிய விரிவாக்கம் வந்தவுடன், முன்னே ஓடியவர்களின் பொருள்கள் எல்லாம் பழசாகிவிடும், பின்னால் வருபவர்களும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே நல்ல பொருள்களைக் கொடுத்துவிடுவோம். மூன்று மாதம் உழைத்து மற்றவர் பெற்றதைக் காத்திருந்தவர் ஒரு வாரத்தில் பெறுகிறார்.

அந்தக் கோல். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இதை எண்களாகவே சொல்கிறேன். ஒரு முறைக்கு 1 சதவீத வாய்ப்பு என்றால் 100 முறையில் கட்டாயம் கிடைக்கும் என்று பொருள் ஆகாது. ஒரு முறை கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு 0.99. அதை 70 முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.49 வருகிறது. உங்களைப் போல 70 முறை முயன்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 100 முறை முயன்ற பிறகும் 37 சதவீதம் பேருக்குக் கிடைத்திருக்காது, 300 முறைக்குப் பிறகும் 5 சதவீதம் பேர் மிஞ்சுவார்கள். முன்பு எத்தனை முறை தோற்றீர்கள் என்பது அடுத்த முறைக்குத் தெரியாது, அதை நினைவில் வைத்துக்கொண்டு ஈடுகட்டும் விதியைத் தனியாக எழுதியிருந்தால் ஒழிய. ஒரு முயற்சிக்கு 12 நிமிடம் என்கிறீர்கள், அப்படியானால் 70 முயற்சிக்கு 14 மணி நேரம், உங்கள் இரண்டு வார ஆட்டத்துக்கும் மேல். எப்போது வரும் என்று தெரியாத பரிசு, குறித்த நேரத்தில் வரும் பரிசைவிட வலுவாக நம்மைக் கட்டிப்போடும் என்பதைக் காட்டும் வகையில், ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 1957-இல் தொகுத்து வெளியிட்டார்கள். எங்கள் தொழிலில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. ஆகவே ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று உங்களுக்குத் தோன்றுவதை உங்கள் மனவுறுதியின் குறை என்று எண்ண வேண்டாம். அந்தக் கோலை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, இத்தனை வில்லைகள் சேர்த்தால் இந்தப் பொருள் உறுதி என்ற வழியில் கிடைக்கும் இன்னொரு கோலைப் பாருங்கள், அது சற்றுக் குறைந்த பலமுடையதாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி, "ஹீலர் தூங்குகிறாரா" என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கான விடை உங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. கொழுந்தனாரின் நண்பர் ஒருவர் ஜெர்மனியில் இருப்பதால் எல்லோரும் ஐரோப்பிய சர்வரில் ஆடுகிறீர்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது, ஆகவே 1,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் வழியாக 3,000 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஐரோப்பாவுக்கு அதைப்போலப் பல மடங்கு. காவேரிப்பட்டணத்திலிருந்து ஐரோப்பிய சர்வருக்குப் பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், 100 மில்லி விநாடிக்குக் கீழே வருவது அரிது. நீங்கள் பொத்தானை அழுத்தியது சர்வருக்குத் தெரிவதற்குள், முன்னே நின்று அடி தாங்கும் டேங்க் வேடக்காரர் விழுந்துவிட்டார். அதோடு, உள்ளூர் கேபிள்காரர் ஹாலில் மாட்டிய ஃபைபர் பெட்டியிலிருந்து, இரண்டு சுவர் தாண்டிப் படுக்கையறைக்கு வைஃபை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சீராக 180 இருந்தால்கூடப் பழகிக்கொள்ளலாம். 150, 400, 170, 600 என்று தாவினால் யாராலும் பழக முடியாது. சராசரி பிங்கைவிட இந்தத் தாவல்தான் ஹீலருக்கு எதிரி. மகள் தூங்கும் அறையை விட்டு ஹாலுக்கு வந்து, லேன் கேபிளை நேரடியாக லேப்டாப்பில் செருகி ஓர் இரவு ஆடிப் பாருங்கள். மின்சாரம் போகும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடும், அணைவது ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும்தான். அவற்றுக்கு மட்டும் ஒரு சிறிய மினி யுபிஎஸ் போதும்.

விளையாட்டின் அமைப்பும் இதில் சேர்கிறது. ஒரு திறனைப் பயன்படுத்தியபின் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற அளவு, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அடிப்படையாக 1.5 விநாடி, ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் 2.5 விநாடி. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஒவ்வொரு 0.6 விநாடிக்கும் ஒரு முறைதான் உலகத்தைக் கணக்கிடுகிறது. இடைவெளி நீளமான விளையாட்டில் 180 மில்லி விநாடித் தாமதம் பெரிதாகத் தெரியாது. தொலைவில் இருப்பவர், அத்தகைய விளையாட்டைத் தேர்ந்தால் பாதிப் பழி நீங்கிவிடும்.

கூடுதல் பரிசுகளுக்காக நீங்கள் வாங்கும் மாதம் 399 ரூபாய் பாஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். வாங்கிவிட்டோமே என்ற எண்ணமே உங்களை டெய்லி குவெஸ்ட்டுக்கு இழுக்கிறது. பல விளையாட்டுகளில் கடைசி வாரத்தில் வாங்கினாலும் அதுவரை எட்டிய படிகளின் பரிசெல்லாம் மொத்தமாகக் கிடைக்கும். அப்படி இருந்தால் கடைசி வாரத்தில், கிடைத்திருப்பது 399 ரூபாய்க்குத் தகுமா என்று ஒரு வியாபாரியைப் போலப் பார்த்து முடிவெடுங்கள். விளையாட்டுக்கு வெளியே யாராவது குறைந்த விலைக்கு விளையாட்டில் செலவழிக்கும் தங்கம் தருவதாகச் சொன்னால் பக்கமே போக வேண்டாம், கணக்கு முடக்கப்படும்.

மாமியாரின் கவலைக்கு வருவோம். நான் மருத்துவன் இல்லை, ஆனால் உலக சுகாதார நிறுவனம் எதைக் கேமிங் கோளாறு என்கிறது என்பது எங்கள் துறையில் உள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலின்படி, ஆட்டத்தின் மீது கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற வேலைகளையும் விருப்பங்களையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கேடு விளைவது தெரிந்தும் தொடர்வது ஆகியவை, வாழ்க்கையைப் பெரிதும் குலைக்கும் அளவில், பொதுவாக 12 மாதம் நீடிக்க வேண்டும். வாரம் 6 மணி நேரம், மகள் தூங்கிய பிறகு என்பது அந்த விவரிப்புக்குள் வரவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கில்டில் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மே மாதம் மூன்று இரவுகள் ஒன்றரை மணி வரை விழித்திருந்தேன், மறுநாள் ஓர் எடைச்சீட்டில் டன்னைத் தவறாகப் பதிந்துவிட்டேன் என்கிறீர்கள். விவசாயி ஒருவருக்குப் போக வேண்டிய பணம் அந்தச் சீட்டில் இருக்கிறது. அந்த மூன்று இரவுகளைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை அவரிடமே ஒப்புக்கொண்டால் மீதி இரவுகளைப் பற்றி அவர் கேட்க மாட்டார் என்று நம்புகிறேன். எப்போதாவது நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்ற நிலை வந்தால், பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். இந்த விளையாட்டை இப்போது ஆடும் விதத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். 1978-இல் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவோடு சேர்ந்து இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான மட் என்பதை உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பேசிப் பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். கடிதத்தின் முதல் பத்தியில் மலை, ஆறு, மீன், கதை என்று எழுதியவர் இரண்டாம் வகை. அதற்குப் பிறகு நீங்கள் வருந்தும் லெவல், கோல், ரெய்டு எல்லாம் முதல் வகையினரின் அளவுகோல்கள். கொழுந்தனார் அந்த வகை, அவரோடு தொடங்கியதால் அவருடைய அளவுகோலும் சேர்ந்தே வந்துவிட்டது.

வேறு விளையாட்டுக்கு மாறுவதென்றால் கில்டு வார்ஸ் 2-ஐ முதலில் பாருங்கள். மாதச் சந்தா கிடையாது. உச்ச லெவல் 2012 முதல் இன்றுவரை 80-தான், இன்று பெறும் உயர்ந்த கவசம் இரண்டு ஆண்டு கழித்து வந்தாலும் பழசாகாது. மரமும் தாதுவும் ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போவதில்லை, யாரோ ஒருவர் அருகே வந்து சண்டையில் சேர்ந்தால் அவருக்கும் பங்கு, உங்களுக்கும் குறைவதில்லை. மலை உச்சிகளில் ஏறிக் காட்சி பார்ப்பதற்கே புள்ளி உண்டு. சர்வர் தொலைவுதான், ஆனால் தனியாகச் சுற்றுபவருக்கு அது பெரிய இடைஞ்சலாகாது. கதைதான் முக்கியம் என்றால், கணினித் துணைவர்கள் உள்ள ஃபைனல் ஃபேன்டஸி 14. ஆல்பியன் ஆன்லைனுக்கு 2023 முதல் ஆசியாவில் சர்வர் இருப்பதால் பிங் நன்றாக இருக்கும், ஆனால் அதன் ஆபத்தான பகுதிகளில் வீழ்த்தப்பட்டால் கையிலுள்ளதெல்லாம் பறிபோகும் என்பதால் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இப்போதைய விளையாட்டிலேயே இருக்க விரும்பினால் ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். வார நாள்களில் மூன்று இரவு மட்டும் உள்ளே போங்கள். டெய்லி குவெஸ்ட் பட்டியலைத் திரையிலிருந்து மறைத்துவிடுங்கள், பெரும்பாலும் அமைப்புகளில் அதற்கு வழி இருக்கும். ஒவ்வொரு முறையும் இன்று எந்தக் கரைக்குப் போகப்போகிறோம் என்று ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். மீதி மூன்று இரவின் 45 நிமிடங்களை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்துக்கொண்டால், கொழுந்தனாரோடு ஒரு டன்ஜனை நிதானமாக, கிழவர் பேசுவதையெல்லாம் கேட்டபடி முடிக்க நேரம் இருக்கும். அந்த மகனுக்கு என்ன ஆயிற்று என்பதையும் அப்போது தெரிந்துகொள்ளலாம்.

புதிய கில்டில் சேர்ந்த பிறகு, அடுத்த ஏப்ரல் கடைசி வாரத்தில், முதல் லாரி எடைமேடைக்கு வருவதற்கு முன்பாக, கில்டு அறிவிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘எங்கள் ஊரில் மாம்பழ சீசன் தொடங்குகிறது, ஆகஸ்டில் வருகிறேன்.’